மெட்ரோ வரட்டும், நிலையம் வரை நடப்பது எப்படி?

வேளச்சேரி வாசி (இழையைத் தொடங்கியவர்)

சென்னை மெட்ரோவின் இரண்டாம் கட்டம் 118.9 கிலோமீட்டர். மதிப்பீடு 63,246 கோடி ரூபாய். 2024 அக்டோபரில் ஒன்றிய அமைச்சரவையும் ஒப்புதல் கொடுத்துவிட்டது. மாதவரம், பூந்தமல்லி, சோழிங்கநல்லூர், சிறுசேரி என்று நகரத்தின் நான்கு திசையும் தொடப்போகும் திட்டம். நான் இதற்கு எதிரி இல்லை. என் கேள்வி வேறு.

என் வீட்டிலிருந்து பறக்கும் ரயில் (மெட்ரோவுக்கு முன்பே வந்த, தூண்கள் மேல் ஓடும் நகர ரயில்) நிலையம் 700 மீட்டர்தான். நேற்று மாலை அம்மாவை அழைத்துக்கொண்டு நடந்தேன். அவருக்கு 68 வயது, இடது முழங்காலில் தேய்மானம். தெருமுனையில் தொடங்கும் நடைபாதை அவருடைய முழங்கால் உயரத்துக்கு நிற்கிறது. என் தோளைப் பிடித்து ஏறினார். இருபது அடி போவதற்குள் ஒரு வீட்டுக் கார் ஏறுவதற்காகச் சரிவாக இடித்துவிட்டிருக்கிறார்கள், இறங்க வேண்டும். மறுபடி ஏறினால் மின் பெட்டி. அதைச் சுற்றிக்கொண்டு போனால் வடிகால் மூடி ஒன்று இல்லை, அந்த இடத்தில் யாரோ ஒரு மரக்கிளையை அடையாளத்துக்கு நட்டிருக்கிறார்கள். ஐந்தாவது முறை ஏறி இறங்கியதும் அம்மா, "நீ போ, நான் ரோட்டிலேயே வருகிறேன்" என்றார். எதிரே தண்ணீர் லாரி வந்துகொண்டிருந்தது.

திரும்பும்போது ஆட்டோ. 700 மீட்டருக்கு ஆட்டோ, அதற்குப் பிறகு ரயில் டிக்கெட் என்றால் அந்த ரயில் அவருக்கு இருந்தென்ன, இல்லாமல் என்ன?

இந்திய சாலைக் காங்கிரஸ் என்ற பொறியாளர் அமைப்பு வகுத்த நடைபாதை விதி தெளிவாகவே இருக்கிறது. தடையில்லாத அகலம் குறைந்தது 1.8 மீட்டர், உயரம் 150 மில்லிமீட்டருக்கு மேல் போகக்கூடாது. ஒரு சாண் உயரம்கூட இல்லை அது. சென்னை மாநகராட்சி 2014இலேயே மோட்டார் இல்லாப் போக்குவரத்துக்கென்று ஒரு கொள்கையை ஏற்றது. போக்குவரத்துக்கான நிதியில் குறைந்தது 60 சதவீதத்தை நடப்பவர்களுக்கும் சைக்கிளுக்கும் ஒதுக்க வேண்டும் என்று அதில் எழுதியிருக்கிறது. எழுத்து இவ்வளவு நன்றாக இருக்கும் ஊரில் கால் வைக்க இடமில்லாமல் போனது எப்படி? ஒவ்வொருவரும் தங்கள் பகுதி அனுபவத்தைச் சொல்லுங்கள்.


கோடம்பாக்கம் ரயிலடி

உங்கள் தாயார் பட்ட சிரமம் புரிகிறது. ஆனாலும் இரண்டையும் எதிரெதிராக நிறுத்த வேண்டாம் என்பது என் எண்ணம். 2015 ஜூனில் கோயம்பேடு - ஆலந்தூர் பாதை திறந்தபோது வண்டிகள் காலியாக ஓடின, வெள்ளை யானை என்று எழுதினார்கள். 2024இல் அதே மெட்ரோவில் ஓராண்டில் 10.52 கோடிப் பயணங்கள். பெரிய வேலை முதலில் நடக்க வேண்டும். நடைபாதை பின்னால் வரும்.


வேளச்சேரி வாசி

பின்னால் வரும் என்பதற்குத்தான் எங்கள் பகுதியே சாட்சியாக இருக்கிறது. பறக்கும் ரயில் 1995இல் கடற்கரையிலிருந்து சேப்பாக்கம் வந்தது, 1997இல் மயிலாப்பூர், 2004இல் திருவான்மியூர், 2007 நவம்பரில் வேளச்சேரி. வேளச்சேரி வரை வந்தே பல ஆண்டுகள் ஆகிவிட்டன. நிலையங்கள் கல்யாண மண்டபம் போலப் பெரியவை. பெரும்பகுதி பக்கிங்காம் கால்வாயை ஒட்டிக் கட்டியதால் பேருந்து ஓடும் சாலைகளிலிருந்து பல நிலையங்கள் ஒதுங்கி நிற்கின்றன. தூண் நட நிலம் எளிதாகக் கிடைத்தது. இறங்கியவர் எப்படி வீடு போவார் என்பதை அன்றைக்கு யாரும் வரைபடத்தில் வரையவில்லை. வேளச்சேரிக்கும் பரங்கிமலைக்கும் இடையில் வெறும் 5 கிலோமீட்டர். அதில் ஏறக்குறைய 500 மீட்டர் நிலத்துக்காக வேலை ஆண்டுக்கணக்கில் நின்றது. ரயில் பாதைக்கே அந்தக் கதி என்றால், நடைபாதை தானாக வந்து சேரும் என்று நான் எப்படி நம்புவது?


ஓய்வுபெற்ற நடத்துநர்

தம்பி, மெட்ரோ என்றும் பறக்கும் ரயில் என்றும் பேசிக்கொண்டே போகிறீர்கள். இந்த ஊரைத் தூக்கிச் சுமப்பது பஸ். மெட்ரோவில் நாளுக்கு ஏறக்குறைய மூன்று லட்சம் பேர் போகிறார்கள் என்றால் மாநகரப் பேருந்தில் முப்பது லட்சத்துக்கு மேல். வண்டிகள் மூவாயிரத்துச் சொச்சம். ஒரு கோடிப் பேர் வாழும் பெருநகருக்கு இது எந்த மூலைக்கு?

மாநகரப் பேருந்துக் கழகத்துக்குப் பல்லவன் என்று பெயர் இருந்த காலத்தில் வேலைக்குச் சேர்ந்தவன் நான். நான் சேர்ந்த புதிதில் எங்கள் தடத்தில் ஒரு சிங்கிள் ஒரு மணி நேரம். சிங்கிள் என்றால் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை ஒரு நடை. ஓய்வு பெறுகிற சமயத்தில் அதே சிங்கிள் 1 மணி 40 நிமிடம். தூரம் ஒரு அடிகூடக் கூடவில்லை. நிறுத்தமும் கூடவில்லை. சாலையில் கார் கூடியது, அவ்வளவுதான்.

இதில் உள்ள கணக்கைப் பாருங்கள். பத்து நிமிடத்துக்கு ஒரு வண்டி விட வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். போய்த் திரும்ப 2 மணி நேரம் என்றால் அந்தத் தடத்துக்கு 12 வண்டி போதும். போய்த் திரும்ப 3 மணி 20 நிமிடம் ஆகிவிட்டால், அதே பத்து நிமிட இடைவெளிக்கு 20 வண்டி வேண்டும். எட்டு வண்டி, எட்டு ஓட்டுநர், எட்டு நடத்துநர், அத்தனை டீசல். ஒரே ஒரு ஆள்கூட அதிகமாக ஏறவில்லை! அந்த எட்டு வண்டியை வாங்க முடியாதபோது என்ன நடக்கும்? சிங்கிள் அடிபடும், அதாவது சில நடைகள் ரத்தாகும். நிறுத்தத்தில் நிற்பவர் அரை மணி நேரம் நிற்பார். பிறகு மூன்று வண்டி ஒன்றன் பின் ஒன்றாக வரும். முதல் வண்டியில் படியில் தொங்குவார்கள், மூன்றாவது வண்டி காலியாகப் போகும். ஜனங்கள் எங்களைத் திட்டுவார்கள். பத்து நாள் அப்படி நின்றவர் பதினோராம் நாள் கடன் வாங்கி இருசக்கர வாகனம் வாங்குவார். அதுவும் சாலைக்குத்தான் வரும். அடுத்த சிங்கிள் இன்னும் ஐந்து நிமிடம் நீளும்.

ஆகவே நான் கேட்பது ஒன்றுதான். பஸ்ஸுக்கு என்று சாலையில் ஒரு ஓரத்தைக் கொடுங்கள். புது வண்டி ஒன்றுகூட வாங்காமல் எட்டு வண்டி மிச்சமாகும்.


அண்ணா நகர் மேற்கு

ஐயா சொல்லும் கணக்கு மறுக்க முடியாதது. ஆனால் கார்காரர்கள் எல்லாரும் வீம்புக்குக் கார் எடுக்கவில்லை. என் அப்பாவுக்கு வாரம் மூன்று முறை டயாலிசிஸ். முடிந்து வரும்போது நிற்கக்கூடத் தெம்பு இருக்காது. அவரை நான் எந்தப் பேருந்தில் ஏற்றுவது? இருக்கிற மூன்று தடத்தில் ஒன்றைப் பேருந்துக்கு என்று பிரித்தால் மீதி இரண்டில் நாங்கள் நிற்போம். டெல்லியில் அம்பேத்கர் நகர் - மூல்சந்த் பாதையில் 2008இல் இதைத்தான் செய்தார்கள். நெரிசல் தாங்காமல் 2016இல் பிய்த்து எறிந்தார்கள். நாம் எதற்கு அதே குழியில் விழ வேண்டும்?


வரைபடம் பார்ப்பவர்

டெல்லியைச் சொன்னால் அகமதாபாத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அங்கே ஜன்மார்க் என்ற தனித்தடப் பேருந்து 2009இல் தொடங்கியது, இன்றும் ஓடுகிறது. டெல்லியில் போட்டது 5.8 கிலோமீட்டர். அதன் இரு முனையிலும் பேருந்து மீண்டும் பொது நெரிசலில்தான் போய் விழுந்தது. அந்தத் துண்டில் மிச்சம் பிடித்த நிமிடங்களை அடுத்த சந்திப்பிலேயே இழந்தால் கார்காரருக்கும் எரிச்சல், பேருந்துக்காரருக்கும் பலனில்லை. அகமதாபாத்தில் சாலை நடுவில் நிலையம், ஏறும் முன்பே டிக்கெட், வண்டித் தளத்தின் மட்டத்திலேயே மேடை என்று எல்லாம் ஒன்று சேர்ந்து வந்தன. துண்டாகச் செய்ததால் தோற்றதை, செய்ததால் தோற்றது என்று சொல்வது நியாயம் இல்லை.

உங்கள் அப்பாவைப் பற்றி ஒரு சொல். அவருக்குக் கார் வேண்டும், ஆம்புலன்ஸ் வேண்டும், அதற்குச் சாலையும் வேண்டும். அந்தச் சாலையை இப்போது அடைத்துக்கொண்டிருப்பது யார்? தனியாக ஒருவர் மட்டும் உட்கார்ந்து அலுவலகம் போகும் ஆயிரக்கணக்கான கார்கள். அவர்களில் பாதிப்பேர் நம்பி ஏறுகிற மாதிரி பேருந்து வந்தால், முதலில் வேகமாக மருத்துவமனை போய்ச்சேருவது உங்கள் கார்தான்.

2006இல் வந்த தேசிய நகர்ப்புறப் போக்குவரத்துக் கொள்கையே வாகனங்களுக்கு அல்லாமல் மனிதர்களுக்குத்தான் சாலை இடத்தைப் பங்கிட வேண்டும் என்றது. நாம் 1973இல் ஜெமினி மேம்பாலம் கட்டியதிலிருந்து வாகனத்துக்கு இடம் தேடிக்கொண்டே இருக்கிறோம். ஒவ்வொரு பாலமும் நெரிசலை அடுத்த சிக்னலுக்குத் தள்ளிவிட்டது.


அண்ணா நகர் மேற்கு

யோசிக்க வைத்தீர்கள். பாதிப்பேர் ஏறுவார்கள் என்பதில் எனக்கு இன்னும் முழு நம்பிக்கை வரவில்லை. ஆனால் டெல்லி அவ்வளவு சிறிய பாதை என்பது எனக்குத் தெரியாது.


துரைப்பாக்கம் தோழி

பழைய மகாபலிபுரம் சாலையில் வேலைக்குப் போகும் பெண்ணாக நான் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. 2021 மே மாதம் சாதாரணக் கட்டணப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்றானது. மாநிலத் திட்டக் குழு ஆய்வு செய்து, ஒரு பெண்ணுக்கு மாதம் சராசரியாக 888 ரூபாய் மிச்சமாகிறது என்றது. எங்கள் வீட்டில் சமையல் வேலைக்கு வரும் அக்கா கண்ணகி நகரிலிருந்து வருகிறார். முன்பு பக்கத்துத் தெருவில் ஒரே வீட்டில் வேலை செய்தார், பேருந்துக் காசு கட்டுப்படியாகவில்லை என்பதால். இப்போது அடையாறு வரை போய் மூன்று வீடுகளில் செய்கிறார். அவர் வருமானமே மாறிவிட்டது. போக்குவரத்துத் திட்டம் என்றால் தூணும் பாலமும்தான் என்று நினைப்பவர்கள் இந்த அக்காவிடம் ஒரு பத்து நிமிடம் பேச வேண்டும்.

ஆனால் அவர் காத்திருப்பதை நான் தினமும் பார்க்கிறேன். சொகுசுப் பேருந்து வரும், போகும். மறுபடி சொகுசு. வெள்ளை போர்டு, அதாவது சாதாரணக் கட்டணப் பேருந்துக்காக நாற்பது நிமிடம் நிற்பார். கையில் காசு மிச்சம், நேரம் செலவு. நிறுத்தத்தில் நிழல் இல்லை. மெட்ரோ வேலைக்காக நிறுத்தத்தையே இரண்டு முறை இடம் மாற்றினார்கள், எங்கே மாற்றினார்கள் என்று ஒரு பலகைகூட இல்லை. இரவு எட்டு மணிக்கு மேல் தகரத் தடுப்புக்கும் ஓடும் வண்டிக்கும் நடுவில் ஒரு முழ இடத்தில் நின்றுகொண்டு பேருந்தைத் தேடுவது எப்படிப்பட்ட பயம் என்று எழுத்தில் சொல்லத் தெரியவில்லை.

விளக்கு, நிழல், உட்கார ஒரு திண்ணை. பெண்கள் பேருந்துக்கு வரவேண்டும் என்றால் இதிலிருந்து தொடங்க வேண்டும்.


பழைய சென்னை

நடுவில் ஒரு செய்தி. மின்சாரப் பேருந்து வந்ததைப் புதிய யுகம் என்கிறார்கள். வரவேற்கிறேன். ஆனால் இந்த ஊரில் 1895இலேயே மின்சார டிராம் ஓடியது. இந்தியாவில் அதுதான் முதல். 1953 ஏப்ரலில் நின்றுபோனது. கடற்கரை - தாம்பரம் மின்சார ரயில் 1931 முதல் ஓடுகிறது. புகையில்லாத பொதுப் போக்குவரத்தில் நாம் புதிதாகக் கற்பவர்கள் அல்லர். நடுவில் கைவிட்டவர்கள்.


சக்கர நாற்காலியிலிருந்து

மூன்று நாட்களாக இந்த இழையை வாசிக்கிறேன். எழுதலாமா என்று தயங்கினேன்.

2024 ஆகஸ்டில் சென்னையில் புதிய தாழ்தளப் பேருந்துகள் ஓடத் தொடங்கின. அவை சும்மா கிடைக்கவில்லை. மாற்றுத்திறனாளிகள் ஆண்டுக்கணக்கில் உயர் நீதிமன்றப் படி ஏறிப் பெற்றவை. 2025 ஜூன் 30 அன்று வியாசர்பாடி பணிமனையிலிருந்து 120 மின்சாரத் தாழ்தளப் பேருந்துகளும் வந்தன. செய்தியைப் பார்த்த அன்று எனக்கு இரவெல்லாம் தூக்கம் வரவில்லை. இருபத்தாறு வயதில் விபத்தில் முதுகுத்தண்டு அடிபட்ட பிறகு நான் பேருந்தில் ஏறியதே இல்லை. பதினான்கு ஆண்டுகள்.

ஏறிப் பார்க்க ஒரு நாள் தங்கையுடன் போனேன். பேருந்து வந்தது. ஓட்டுநர் நல்ல மனிதர், என்னைப் பார்த்ததும் வண்டியைச் சரியாகவே நிறுத்தப் பார்த்தார். நிறுத்தத்தை ஒட்டி இரண்டு ஆட்டோவும் ஒரு பழ வண்டியும் நின்றதால் ஓரத்துக்கு வர முடியவில்லை. சாலை நடுவிலேயே நின்றது. நடத்துநர் இறங்கி மடிப்புச் சாய்தளத்தை விரித்தார். அது நடைபாதை மேல் படிய வேண்டிய பலகை. அப்படிப் படிந்தால் ஏறக்குறைய சமதளம், நானே உருட்டிக்கொண்டு போய்விடுவேன். சாலையில் விரித்ததால் செங்குத்தாக நின்றது. இரண்டு பேர் பின்னாலிருந்து தள்ளினார்கள், ஒருவர் முன்னால் இழுத்தார். பின்னால் ஹாரன் சத்தம். உள்ளே போனதும் என் கை நடுங்கியது. ஆனாலும் ஜன்னல் வழியாகக் கடற்கரைச் சாலையைப் பார்த்துக்கொண்டே போனேன். அந்த இருபது நிமிடத்தை நான் மறக்க மாட்டேன்.

வேளச்சேரி நண்பருக்குச் சொல்ல விரும்புவது இதுதான். உங்கள் அம்மாவுக்குத் தேவைப்படும் நடைபாதையும் எனக்குத் தேவைப்படும் நடைபாதையும் ஒன்றே. தாழ்தளப் பேருந்தைப் பாதி வாகனம் என்றுதான் சொல்வேன். மீதிப் பாதி நிறுத்தத்தில் இருக்கிறது. அந்தப் பாதியை இன்னும் யாரும் வாங்கவில்லை.


ஓய்வுபெற்ற நடத்துநர்

தம்பி, நீங்கள் எழுதியதை என் மனைவிக்கும் வாசித்துக் காட்டினேன். முப்பது வருடத்துக்கு மேல் விசில் ஊதியிருக்கிறேன். சக்கர நாற்காலியில் ஒருவர் என் வண்டிக்காக நின்றதாக ஒரு நாள்கூட நினைவில்லை. அப்படிப்பட்டவர்களே ஊரில் இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நாங்கள் ஏற்ற முடியாததால்தான் நீங்கள் வரவில்லை என்பது இப்போதுதான் உறைக்கிறது.


தேக்கா

சிங்கப்பூரிலிருந்து எழுதுகிறேன். சொந்த ஊர் மன்னார்குடி. இங்கே வந்து பதினெட்டு ஆண்டுகள்.

இங்குள்ள கார் உரிமச் சான்றிதழ் விலையையும் நெரிசல் கட்டணத்தையும்தான் எல்லாரும் பேசுவார்கள். அது உண்மை. 1975இலேயே நகர மையத்துக்குள் கார் நுழையக் கட்டணம் வைத்தார்கள், 1998இல் அதை மின்னணு முறைக்கு மாற்றினார்கள். ஆனால் என்னைப் போன்ற சாதாரண ஆளுக்கு அது கண்ணில் படுவதே இல்லை. கண்ணில் படுவது தலைக்கு மேல் இருக்கும் கூரை. 2013இல் ஒரு திட்டம் போட்டார்கள். ரயில் நிலையத்திலிருந்து 400 மீட்டருக்குள் இருக்கும் பள்ளி, மருத்துவமனை, குடியிருப்பு எல்லாவற்றுக்கும் கூரையிட்ட நடைபாதை. அப்படி மொத்தம் 200 கிலோமீட்டருக்குக் கட்டினார்கள். மழை கொட்டும்போது ரயிலிலிருந்து இறங்கி நனையாமல் வீடு வரலாம். ரயில் பாதையில் எவ்வளவு அக்கறையோ, அதே அக்கறை அந்தக் கூரைக்கும்.

சென்னைப் பணத்துக்கு இதெல்லாம் ஆகுமா என்று கேட்பார்கள். இரண்டாம் கட்ட மெட்ரோவின் மதிப்பீட்டை நீளத்தால் வகுத்துப் பாருங்கள், கிலோமீட்டருக்கு 530 கோடிக்கு மேல் வருகிறது. அதில் ஒரே ஒரு கிலோமீட்டருக்கான தொகையை நிலையங்களைச் சுற்றி நடப்பதற்கென்று எடுத்து வைத்தால் என்னென்ன செய்யலாம்!


தி.நகர் வியாபாரி

கடைக்காரன் பக்கத்தையும் கேளுங்கள். 2019 நவம்பரில் பாண்டி பஜாரில் நடைபாதை வளாகம் திறந்தார்கள். அதற்கு முன்பு நாங்கள் சிலர் கடுமையாக எதிர்த்தோம். வண்டி நிறுத்த இடம் போனால் வியாபாரம் போய்விடும் என்று மனு எழுதிக் கையெழுத்து வாங்கியவர்களில் நானும் ஒருவன்.

இன்று மாலையில் என் கடை வாசலில் குழந்தைகள் ஓடுகிறார்கள். வயதானவர்கள் பெஞ்சில் உட்கார்ந்து, எழுந்து, எதிரே தெரிவதைப் பார்த்து உள்ளே வருகிறார்கள். காரில் வருபவர் நேராக ஒரு கடைக்குப் போய் நேராகத் திரும்புவார். நடப்பவர் நான்கு கடை பார்ப்பார். அந்த மனுவில் நான் எழுதியது தவறு.

ஆனால் ஒரு கண்டிப்பு. நடைபாதையை அகலப்படுத்துகிறோம் என்று சொல்லிக்கொண்டு பூக்காரம்மாவையும் இளநீர்க்காரரையும் விரட்டினால் நான் மறுபடி எதிர்ப்பேன். தெருவோர வியாபாரிகளுக்கு 2014இல் சட்டமே வந்துவிட்டது. 1.8 மீட்டரை விட்டுவிட்டு அவர்களுக்குக் கோடு போட்டு இடம் கொடுத்தால் போதும். இரவில் தெருவுக்கு விளக்கும் பாதுகாப்பும் அவர்களால்தான். துரைப்பாக்கம் சகோதரி சொன்ன பயம், பூக்கடை இருக்கும் நிறுத்தத்தில் இருக்காது.


கோடம்பாக்கம் ரயிலடி

நானும் என் நிலையைத் திருத்திக்கொள்கிறேன். 'பின்னால் வரும்' என்று எழுதியிருக்கக் கூடாது.

ஒரு நல்ல செய்தியும் இருக்கிறது. 2025 செப்டம்பரில் வந்த சென்னை ஒன் செயலியில் பேருந்து, மெட்ரோ, புறநகர் ரயில் மூன்றுக்கும் ஒரே டிக்கெட் எடுக்கலாம். கும்டா என்ற ஒருங்கிணைந்த போக்குவரத்துக் குழுமத்துக்கான சட்டம் 2010இல் வந்தது. டிக்கெட்டை ஒன்றாக்க அங்கிருந்து பதினைந்து ஆண்டுகள். ஆனால் கைப்பேசியில் ஒன்றானது தரையில் இன்னும் ஒன்றாகவில்லை. கிளாம்பாக்கத்தில் 2023 டிசம்பரில் 88 ஏக்கரில் பேருந்து முனையம் திறந்தார்கள். தண்டவாளம் அருகிலேயே ஓடியது, ஆனால் திறந்தபோது ரயில் நிற்க நிலையம் இருக்கவில்லை. பொங்கலுக்கு ஊருக்குப் போகும் குடும்பம் மூட்டை முடிச்சோடு ஊரப்பாக்கத்திலோ வண்டலூரிலோ இறங்கி அங்கிருந்து வந்து சேர்ந்தது. முனையமும் நிலையமும் ஒரே நாளில் திறக்க வேண்டும் என்று கட்டளையிடும் அதிகாரம் கும்டாவுக்கு வேண்டும்.


வேளச்சேரி வாசி

அனைவருக்கும் நன்றி. வாசித்துவிட்டு இன்று காலை அளவு நாடாவை எடுத்துக்கொண்டு அதே 700 மீட்டரை மறுபடி நடந்தேன். நடைபாதையின் உயரம் ஓர் இடத்தில் 34 சென்டிமீட்டர். ஏறி இறங்க வேண்டிய இடங்கள் 23. மூடி இல்லாத குழி மூன்று. 1.8 மீட்டர் அகலம் தடையில்லாமல் கிடைத்தது மொத்தமாக ஒரே ஓர் இடத்தில், ஒரு பள்ளியின் சுற்றுச்சுவரை ஒட்டி, ஏறக்குறைய நாற்பது அடி.

ஒவ்வொன்றையும் படம் எடுத்து, தெருவின் வரைபடத்தில் குறித்து, வார்டு உறுப்பினரிடம் கொடுக்கப்போகிறேன். 23 இடத்திலும் ஒரே கோரிக்கை வேண்டாம், எது கல் வேலை, எது மின் பெட்டி, எது வடிகால் என்று பிரித்து எழுதினால் அந்தந்தத் துறையிடம் தனித்தனியாகக் கேட்கலாம் என்று வரைபடம் பார்ப்பவர் தனிச்செய்தியில் சொன்னார். வருகிற ஞாயிறு காலை 6.30 மணிக்கு இன்னொரு முறை அளக்கிறோம். வரக்கூடியவர்கள் சொல்லுங்கள்.


ஓய்வுபெற்ற நடத்துநர்

நான் வருகிறேன். நிறுத்தத்தில் வண்டி எங்கே நின்றால் ஓரம் சேரும் என்று சுண்ணாம்பில் கோடு போட்டுக் காட்டுகிறேன்.


துரைப்பாக்கம் தோழி

நானும் வருகிறேன். எங்கள் வீட்டு அக்காவையும் அழைத்து வருகிறேன். விளக்கு எங்கே வேண்டும் என்று அவர் சொல்லட்டும்.


சக்கர நாற்காலியிலிருந்து

எந்த நிலையம் என்று தனிச்செய்தியில் அனுப்புங்கள். நான் நாற்காலியோடு வருகிறேன். 700 மீட்டரையும் சாலையில் இறங்காமல் போக முடிகிறதா என்று பார்ப்போம். முடியாத இடத்தில் நான் நிற்கிறேன், நீங்கள் அந்த இடத்தைப் படம் எடுங்கள்.